வலது காதில் வயலின்

போன வாரம் என் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. விழுந்துவிட்டது என்று கௌரவமாகச் சொல்கிறேன். பாத்திரம் கழுவும்போது அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தங்கையோடு ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தேன். அதுவே வெட்கப்பட்டுக் குதித்துவிட்டது. அல்சூர் மெட்ரோவுக்கு எதிர்ச் சந்தில் ஒரு ரிப்பேர் கடை இருக்கிறது. உள்ளே ஆள் உட்கார்ந்தால் கதவைச் சாத்த முடியாது, அவ்வளவுதான் அகலம். கடைக்காரர் போனைப் பிரித்துப் போட்டு, சூடான கம்பி முனையை மஞ்சள் பசையில் தொட்டெடுத்து உள்ளே எங்கேயோ வைத்தார். நூல் மாதிரி ஒரு புகை எழுந்தது.

"ஸ்பீக்கர் போயிருக்கு மேடம், மாத்தணும்" என்று அவர் சொன்னது எனக்கு எட்டவேயில்லை. நான் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு, தலைமுடியைக் குல்லாய்க்குள் திணித்துக்கொண்டு, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நீள மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருபது வயது. பக்கத்து ஸ்டூலில் ரோஸலின்.

சால்டரிங் புகையை நீங்கள் முகர்ந்திருக்கிறீர்களா? மரப்பிசின் உருகுகிற வாசனை, அதற்கடியில் காய்ந்த இரும்பு. நாங்கள் டெலிபோனுக்குள் வைக்கிற பச்சை அட்டைகளில் ஈயம் பற்றவைக்கிறவர்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் புகைக்குள்தான் இருப்போம். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தால் சோறும் அதே வாசனை அடிக்கும். "எங்க கோயில்லயும் கிட்டத்தட்ட இதே வாசனைதான்டி. அங்க ஃபாதர் சாம்பிராணிய ஆட்டுவாரு, இங்க நாம ஊதுறோம்" என்பாள் ரோஸலின். அவர்கள் ஆஸ்டின் டவுன் கிறிஸ்தவர்கள். நாங்கள் பக்கத்திலேயே நீலசந்திரா. அவள் வீட்டில் மாதா படம், எங்கள் வீட்டில் புத்தர் படம். நடந்தால் ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற தூரம். ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஏறும்வரை நான் அவளைப் பார்த்ததே கிடையாது.

அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஹொசூர் ரோடு அப்போது மேலே ஒரு பாலம் கீழே ஒரு ரோடு என்று இல்லை. மடிவாளாவைத் தாண்டினால் தைல மரம், கேழ்வரகு வயல், செங்கல் சூளை. ஜன்னல் கண்ணாடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாளத்தில் கடகடக்கும். முதல் நாள் காலியாக இருந்த ஒரே சீட் அவள் பக்கத்தில்தான். அவள் காதிலிருந்து ஒயர் தொங்கியது. மடியில் வாக்மன். பக்திப் பாட்டு கேட்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பொம்மனஹள்ளி தாண்டியதும் அவள் இடது காதிலிருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"கேக்குறியா?"

வைத்துக்கொண்டேன். யாரோ பாத்திரக்கடைக்குள் மாட்டை அவிழ்த்து விட்டது மாதிரி இருந்தது. வாயில் கைவைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒரு சிரிப்பு. சரி, பைத்தியம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று முடிவுகட்டினேன். ஆனாலும் கழற்றிக் கொடுக்க மரியாதை தடுத்தது. அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தத்துக்குள் ஒரு அடி இருப்பது தெரிந்தது. நேரான அடி இல்லை, நொண்டி அடி. எங்கள் தெருவில் சாவு விழுந்தால் பறை அடிப்பார்கள். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு என் விரல்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், எதைக் கேட்டாலும் தட்டும். டிபன் டப்பா மூடியில் தட்டிக்கொண்டே வந்தேன். ரோஸலின் கண்ணைத் திறந்தாள்.

"ஏய், எப்படிடி புடிச்ச? இது ஏழு ஏழா வருது. எங்க அண்ணனுக்கே ஒரு மாசம் ஆச்சு."

"எங்க தெருவுல இத அடிச்சுக்கிட்டே நடப்பாங்க" என்றேன்.

அன்றிலிருந்து அவள் எனக்கு, நான் அவளுக்கு.

அந்த அண்ணன் பெயர் வில்ஃப்ரெட். வீட்டில் வில்ஃபி. மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகும்போது தங்கையின் பொறுப்பில் அவர் விட்டுப்போனது ஒரு தகரப்பெட்டி நிறைய கேசட். எல்லாம் வெள்ளைக்காரன் பாட்டு, எல்லாம் அவர் கடை கடையாக அலைந்து இசைத்தட்டிலிருந்து பதிவு செய்து வாங்கியவை. பாதி, ராக் பாட்டு. எழுபதுகளில் நீள முடி வைத்துக்கொண்டு கத்தியவர்கள். மீதி, ஜாஸையும் ராக்கையும் போட்டுக் குழப்பியவர்கள். அதில் பாட்டு என்று வாயால் பாடுகிறவர் யாரும் கிடையாது. கிட்டார், வயலின், டிரம்ஸ், பித்தளைக் குழல் எல்லாம் சேர்ந்து ஒன்றையொன்று துரத்தும். ரோஸலினுக்கு முதல் வகை உயிர். எனக்கு இரண்டாவது. ஏன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு இங்கிலீஷ் வராது. வார்த்தை இருக்கிற பாட்டில் எனக்கும் பாட்டுக்கும் நடுவில் ரோஸலின் நின்று அர்த்தம் சொல்ல வேண்டும். வார்த்தையே இல்லாத பாட்டில் நானும் அவளும் ஒரே வகுப்பு.

அவள் அர்த்தம் சொல்கிற லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஒருத்தன் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருப்பான். "என்னவாம் இவனுக்கு?" என்பேன்.

"வீட்டுக்குப் போவணுமாம்."

"அதுக்கா இத்தன கத்தல்? பஸ் கெடைக்கலியா?"

"கெடைச்சா பாட்டு எப்படிடி வரும்?"

பெயரெல்லாம் எனக்கு வாயில் நுழையாது. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். வயலினும் கிட்டாரும் மாறி மாறி ஏசிக்கொள்வது 'தண்ணிக்குழாய்ச் சண்டை'. அடிக்குரல் கிட்டார் தடதடவென்று ஓடுகிற ஒன்று 'பங்காருபேட்டை ரயில்'. மெதுவாக ஆர்மோனியம் போல இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் வெடிக்கிற ஒன்றுக்கு அவள் அம்மாவின் பெயர். அவள் அம்மாவுக்கு இது தெரியாது. சனிக்கிழமை அரை நாள். அவள் வீட்டுக்குப் போவேன். வினிகர் ஊற்றிய கறி மணக்கும். சுவரோரம் வில்ஃபி அண்ணன் செய்வித்த இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் இடுப்பு உயரம். அவற்றுக்கு நடுவில் தரையில் படுத்துக்கொண்டு கேட்போம். எங்கள் அம்மாவோ, நான் வீட்டில் அந்தக் கேசட்டைப் போட்டபோது அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "இன்னாடி, மிஷின் கெட்டுப்போச்சா?" என்று பிளக்கையே பிடுங்கிவிட்டாள்.

ஆனால் வீட்டில் கேட்டதைவிட பஸ்ஸில் கேட்டதுதான் அதிகம். இடது காது எனக்கு, வலது காது அவளுக்கு. அந்தக் காலத்துப் பதிவுகளில் ஒரு வேடிக்கை உண்டு. கிட்டாரை ஒரு பக்கம், டிரம்ஸை இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்துவிடுவார்கள். அதனால் வருஷக்கணக்கில் பஸ்ஸில் நான் கேட்டதெல்லாம் பாதிப் பாட்டு. தண்ணிக்குழாய்ச் சண்டையில் எனக்கு ஒருத்தி ஏசுவது மட்டும் கேட்கும், மற்றவள் பதில் சொல்வது ரோஸலின் காதில். "இப்ப அவ என்னடி சொல்றா?" என்று கேட்பேன். அவள் வாயாலேயே வயலினைப் பாடிக் காட்டுவாள். முன்சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒருநாள் அவள் வலது பக்கத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "இனிமே நீ இத வெச்சுக்க. எனக்கு அந்தப் பக்கம் குடு."

எனக்கு ஒரே குஷி. அன்றைக்கு முதல் தடவையாக பஸ்ஸில் அந்த வயலின் என் காதுக்குள் வந்தது. தெரிந்த வீட்டில் தெரியாத அறை ஒன்றைத் திறந்து விட்டமாதிரி. "எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா, இத்தன நாள் நீயே வெச்சுக்கிட்டியே" என்று அவள் தொடையில் அடித்தேன். அவளும் சிரித்தாள். ஏன் மாற்றினாள் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்கே அப்போது சரியாகத் தெரிந்திருக்காது.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை அருள், ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சாது. கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம் அவள் போட்ட ஒரே நிபந்தனை, சனிக்கிழமை மத்தியானம் தன்னை எதுவும் கேட்கக்கூடாது என்பது. "ஏதோ விரதம்னு நெனச்சேன்" என்று அவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். வேலையையும் அவள் விடவில்லை, அம்மா வீட்டையும் விடவில்லை. சீக்கிரமே முழுகாமல் இருந்தாள்.

அந்த மாதங்களில்தான் அவள் கேசட்டுகளைக் குறை சொல்ல ஆரம்பித்தாள். "டேப் தேஞ்சு போச்சுடி" என்பாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து வாக்மனின் தலையைத் துடைப்பாள். புது பேட்டரி போடுவாள். ஒயரை மாற்றினாள். பிறகு வாக்மனையே மாற்றினாள். "எல்லாமே டூப்ளிகேட்டு. ரெண்டு மாசத்துல செத்துப்போவுது." நானும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தேன். சத்தத்தை அவள் ஏற்றிக்கொண்டே போனதால் என் காது வலித்தது. கர்ப்பிணியிடம் என்ன சண்டை என்று பேசாமல் இருந்தேன். அவள் குரலும் இறங்கிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் கேன்டீனில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கூப்பிடுகிறவள், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி, அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் பஸ் டீசலுக்காக நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டார்கள். ரோஸலின் என் பக்கம் திரும்பி, "உனக்கும் மெதுவாத்தான கேக்குது?" என்றாள்.

"எதுடி?"

"இந்தப் பாட்டு."

முன்சீட்டிலிருந்த பெண் சத்தம் தாங்காமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா கேக்குதே" என்றேன்.

ரோஸலின் என் வாயையே பார்த்தாள். "என்ன?"

"நல்லா கேக்குதுடி."

"என்ன சொல்ற?"

இன்ஜின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் அந்த இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னேன். அவளுக்குக் கேட்டுவிட்டது. காதிலிருந்ததைக் கழற்றி, ஒயரை விரலில் சுற்றிச் சுற்றி, வாக்மனை டிபன் பைக்குள் வைத்தாள். வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். லைனில் சூப்பர்வைசர் ஒரு வாரமாகவே "ஏன்ம்மா ரோஸி, கிவி கேளிசல்வா?" என்று கன்னடத்தில் காது கேட்கவில்லையா என்று கேட்டுக்கொண்டிருந்ததும், அவள் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் எனக்கு ஒன்றுசேர்ந்தது.

டாக்டரிடம் நானும் போனேன். காதுக்குள்ளே அரிசியைவிடச் சின்னதாய் ஓர் எலும்பு இருக்கிறதாம். சத்தம் வந்தால் அது அசைய வேண்டும். இவளுக்கு அது இறுகிக்கொண்டு வருகிறது, வலது பக்கம் முந்திவிட்டது, இடது பக்கம் பின்னாலேயே வருகிறது என்றார். சில பேருக்குப் பிள்ளை உண்டானால் அது வேகம் பிடிக்குமாம். இந்த மாதிரிக் காதுக்காரர்களுக்கு இரைச்சலான இடத்தில் பேச்சு நன்றாகக் கேட்கும், அமைதியான இடத்தில்தான் கேட்காது என்றும் சொன்னார். எங்கள் நட்பு பூராவும் அந்த லொடலொட பஸ்ஸில் அல்லவா நடந்தது. இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போனதன் காரணம் அதுதான். தன் குரல் தனக்குள்ளே பெரிதாகக் கேட்பதால்தான் மெதுவாகப் பேசுகிறாள் என்றும் சொன்னார்.

பெண் குழந்தை பிறந்தது. ஜெனி. பிரசவத்துக்குப் பிறகு வலது காதில் ஆபரேஷன் செய்தார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நன்றாக ஆகிவிடும் வகை ஆபரேஷன் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சரியாக வராமலும் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. ரோஸலினுக்குச் சரியாக வரவில்லை. மிச்சமிருந்த கொஞ்சமும் அந்தப் பக்கம் போய்விட்டது, தலைசுற்றல் மட்டும் மிஞ்சியது. இருக்கிற ஒரு காதையும் பணயம் வைக்க வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஒரு காது மிஷின் வாங்கி மாட்டினார்கள். அதில் பேச்சு வந்தது. பாட்டு வரவில்லை. "எறும்புக் கூட்டம் தகரத்துல ஓடுற மாதிரி இருக்குடி" என்றாள்.

குழந்தை அழுதால் தெரிய வேண்டுமே. தொட்டில் கயிற்றிலிருந்து ஒரு நூலை இழுத்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருப்பாள். பிள்ளை காலை உதைத்தால் கை இழுபடும். ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் அந்த நூலோடுதான் கதவைத் திறப்பாள், வாசல்வரை எட்டுகிற மாதிரி நீளமாக விட்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை, ஜெனி தூங்கிக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் நான் கேசட்டைப் போட்டேன். எனக்காகப் போட்டுக்கொள் என்று அவள்தான் சொன்னது. அவள் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். மறுபடி சாய்ந்தாள். தாடையை அந்த மரத்தில் அழுத்தினாள். பிறகு, சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, வாயைத் திறந்து பெட்டியின் விளிம்பைக் கடித்தாள்.

கண் இரண்டும் விரிந்துவிட்டது. மரத்தைக் கடித்த வாயோடே ஏதோ சொன்னாள். எடுத்துவிட்டுச் சொன்னாள்: "வருதுடி! உள்ள வருது! ரயிலு வருதுடி!"

பங்காருபேட்டை ரயில். எலும்பு வழியாகப் போகிறது என்று டாக்டர் பின்னால் விளக்கினார். எங்களுக்கு விளக்கமா வேண்டியிருந்தது? இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம், சிரித்தோம். சத்தத்தில் ஜெனி எழுந்து கத்த, நூல் இழுபட, ரோஸலினின் அம்மா ஓடிவந்து, மகள் மறுபடி ஸ்பீக்கரைக் கடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்து மாதாவைக் கூப்பிட்டதை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதன் பிறகு அந்த வீட்டுச் சனிக்கிழமைகள் எல்லாம் அப்படித்தான் போயின. அவள் ஒரு பெட்டியைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டிருப்பாள், நான் இன்னொரு பெட்டிப் பக்கம். விளிம்பில் பல் பதிந்து பதிந்து வார்னிஷ் உரிந்துவிட்டது. வீட்டுக்கு விருந்தாளியாக வந்த கோவாக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எலி என்றார்.

அது அதிக நாள் ஓடவில்லை. ஜெனி நடக்க ஆரம்பித்த சமயம். தண்ணிக்குழாய்ச் சண்டையைப் போட்டேன். சத்தத்தை முழுக்கத் திருகினேன், பக்கத்து வீட்டில் யாரோ கத்தினார்கள். ரோஸலின் மண்டியிட்டு, பல்லை வைத்தாள். காத்திருந்தாள். வயலின் ஒரு சுற்று ஏசி முடித்துவிட்டது. அவள் வாயை எடுக்காமல், கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள். பிறகு வாயை எடுத்துக் கேட்டாள்.

"போட்டுட்டியா?"

அறை அதிர்ந்துகொண்டிருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அவள் முந்தானையால் அந்த விளிம்பைத் துடைத்தாள். ஈரம் போகிறவரை துடைத்தாள். எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்தாள். நான் சத்தத்தைக் குறைக்கவா, அணைக்கவா என்று தெரியாமல் பெட்டி முன்னால் நின்றேன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எதையாவது செய்தே தீர வேண்டும் என்கிற ஜாதி நான். அடுத்த வாரம் போய், அவள் கையைப் பிடித்து ஸ்பீக்கரின் துணிமேல் வைத்தேன். உள்ளங்கையில் அடி தெரியுமே, அந்த ஏழு தெரியுமே என்று. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"மாவு மிஷின்லகூடத்தான் கை வெச்சா அதிருது. எனக்கு அதிர்வு வேணாம்டி. பாட்டு வேணும்."

எவ்வளவு கோபமாக இருந்தாலும் அவளால் கத்த முடியவில்லை. அதையும் அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னாள்.

காதுக்குள்ளே நரம்பும் செத்துவிட்டது, இனி மிஷினாலும் பயனில்லை என்றார் டாக்டர். ரோஸலினுக்கு வேலை போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து எனக்கும் போனது. டெலிபோனெல்லாம் வெளிநாட்டிலிருந்தே வர ஆரம்பித்து, கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். அருளுக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன்பு மத்தியானம் ஒன்றில் போனேன். மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் ஜெனி உட்கார்ந்து, டிவியில் கேட்ட ஏதோ சினிமாப் பாட்டைத் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள். நாலு வயதிருக்கும். ரோஸலின் மகள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிலேட்டு எப்போதும் பக்கத்தில் இருக்கும். அருள் அதில் எழுதித்தான் அவளோடு பேசுவார். எனக்கு எழுத்து தேவைப்படாது, என் உதட்டை அவள் படித்துவிடுவாள்.

"பாடறாளா?"

"பாடறா."

"பாட்டு போனா போவுதுடி. இவ குரல் எப்படி இருக்கும்? சொல்லு."

ஒரு குரலை எப்படிச் சொல்வது? நான் ரயில், குழாயடி என்று பெயர் வைக்கத் தெரிந்தவள், அவ்வளவுதான். குழந்தையைக் கொஞ்ச நேரம் கேட்டேன்.

"கொஞ்சம் கரகரப்பா இருக்கு" என்றேன். "காலையில தூங்கி எழுந்தவங்க மாதிரி. மேல போவும்போது கிழியாது, சன்னமாயிடும். ‘ச’ வரும்போது காத்து வருது, பல்லு சந்துல. பாட்டோட கடைசிய முழுங்கிடுறா, மூச்சு பத்தல."

"சுருதி?"

"நிக்குது. நெஜமா நிக்குது."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, முகம் சிரித்தது. "நிறுத்தாத. இன்னும் சொல்லு." அருள் ஆட்டோ கொண்டுவந்து வாசலில் நிற்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். தெரிந்ததெல்லாம் தீர்ந்த பிறகு சொன்னதையே திரும்பச் சொன்னேன்.

தகரப்பெட்டியை எனக்குக் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்றேன். வில்ஃபி அண்ணன் வந்து கேட்டால்? அவர் மஸ்கட்டிலேயே குடும்பமாகிவிட்டார். "என் வீட்டுல இது வெறும் பொட்டி" என்றாள் ரோஸலின். "உன் வீட்டுலனா பாட்டு."

திருச்சியிலிருந்து அருள் போன் போட்டுக் கொடுப்பார். அவள் பேசுவாள், நான் கேட்பேன். நான் பேசினால் அவளுக்குக் கேட்காது. அங்கே வெயிலைப் பற்றி, ஜெனி பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு மூச்சு பேசிவிட்டு, "சரிடி, இப்ப நீ பேசு, அவருகிட்ட சொல்லு" என்று கொடுத்துவிடுவாள். நான் அருளிடம் என்னத்தைச் சொல்வது? நல்லா இருக்கேன்னு சொல்லுங்க என்பேன். மாதம் ஒன்று என்றிருந்தது பண்டிகைக்குப் பண்டிகை என்றானது. ஒரு மழைக்காலத்தில் அருள் கூப்பிட்டார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம், நாலாம் நாள் போய்விட்டாள். அடக்கமும் முடிந்துவிட்டது. அவருக்கே அவ்வளவுதான் பேச முடிந்தது. நான் துணிக்கடையில், இடுப்பளவு பிரித்துப் போட்ட புடவைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே நின்ற அம்மாள், "இதுல பச்சை இருக்கா?" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து அதே நம்பரிலிருந்து போன் வந்தது. ஜெனி. பத்துப் பதினோரு வயசுப் பெண்.

"ஆன்ட்டி, அம்மா கேசட்டெல்லாம் உங்ககிட்டதான இருக்கு? அதுல எங்கயாச்சும் அம்மா பேசினது இருக்குமா? தெரியாம ரெகார்ட் ஆகியிருக்கும்ல?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். சிலதில் வெள்ளையாகப் பூஞ்சை. துடைத்தேன். கடையிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றாகப் போட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம், பாட்டு முடிந்து வெறும் நாடா ஓடுகிற இடம்வரை, காதை ஸ்பீக்கரில் ஒட்டிவைத்துக் கேட்டேன். அந்தச் சிவப்புப் பொத்தானில் யாராவது தெரியாமல் கை வைத்திருப்பார்கள், ஒரு "ஏய்", ஒரு "போடி" கிடைக்கும் என்று. பாட்டுகளெல்லாம் அப்படியே இருந்தன, முழுசாக, இரண்டு காதிலும். அவற்றைத் தாண்டிப் போகத்தான் எனக்கு அவசரம். ஒரு கேசட்டின் கடைசியில் மின்விசிறிச் சத்தமும் தட்டு வைக்கிற சத்தமும் வந்தது. சத்தத்தை முழுக்க ஏற்றினேன். யாரோ ஓர் ஆண் இருமினார். வில்ஃபி அண்ணனாக இருக்கும். பிறகு நாடா அறுந்த மாதிரி நின்றுவிட்டது.

"இல்லம்மா" என்றேன் ஜெனியிடம்.

"ஒரு வார்த்தகூடவா ஆன்ட்டி?"

"இல்லடா."

"சரி ஆன்ட்டி." அப்பா கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாள்.

அந்த ஃபேக்டரி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. ஆஸ்டின் டவுன் வீட்டை இடித்து அடுக்குமாடியாக்கிவிட்டார்கள், ஸ்பீக்கர் பெட்டிகள் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை. என் டேப் ரெக்கார்டரின் பெல்ட் அறுந்துவிட்டது, அது எங்கும் கிடைப்பதில்லை. அந்தப் பாட்டுகளின் நிஜப் பெயர்களை என் மகன் கண்டுபிடித்து என் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். எல்லாம் இருக்கிறது, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ரோஸலின்தான் எதிலும் பதிவாகவில்லை. பதிவு செய்கிற மிஷினையும் வெற்றுக் கேசட்டையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகப் பேசியிருக்கிறோம். அவள் பேசியதை, பஸ் இரைச்சலில் நான் குனிந்து கேட்டுக்கொண்டதோடு சரி.